தோற்றவரின் பங்கு ஏன் ஏறியது?

2025 செப்டெம்பர் 3, புதன்கிழமை. கண்டியில் இரவு ஏழு மணி என்றால் நியூயோர்க்கில் காலை ஒன்பதரை, பங்குச் சந்தை திறக்கும் நேரம். ஏழு பத்துக்கெல்லாம் டொரொன்டோவிலிருந்து நண்பன் தொலைபேசியில் அழைத்தான். கட்டுகஸ்தோட்டையில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவன். கனடா போய் இருபது வருடமாகிறது.

"கூகுள் ஒம்பது வீதம் ஏறிடுச்சு மச்சான்."

"கோர்ட்ல தோத்தது கூகுள்தானே?"

"தோத்ததுதான். அதுதான் எனக்கும் விளங்கல. தோத்தவன் பங்கு ஏன் ஏறுது?"

அவன் பங்குச் சந்தையில் சூதாடுகிறவன் அல்ல. ஒரு களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறான். ஓய்வூதியத்துக்காக மாதாமாதம் பிடிக்கும் பணம், அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களை ஒன்றாகக் கட்டிய ஒரு நிதியத்துக்குப் போகிறது. அந்த ஐந்நூறில் முன்வரிசையில் நிற்பது கூகுளின் தாய் நிறுவனமான அல்பாபெட். அதனால் அவன் கேட்காமலே கூகுளின் முதலாளிகளில் ஒருவனாகிவிட்டான். புலம்பெயர்ந்த நம்மவர்களில் பல்லாயிரம் பேரின் நிலை இதுதான். இங்கே கண்டியில் இருக்கும் நாமோ மறுகரையில் நிற்கிறோம். நம் கையில் பங்கு இல்லை, அந்த நிறுவனத்தின் பொருள்தான் இருக்கிறது. காலையில் கைத்தொலைபேசியைத் திறப்பது முதல் இரவு வழி தேடுவது வரை அதே நிறுவனம்தான்.

அன்று ஒரே நாளில் அல்பாபெட்டின் சந்தைப் பெறுமதி 200 பில்லியன் டொலருக்கு மேல் கூடியது. இலங்கை முழுவதும் 2024இல் ஓராண்டு உழைத்து ஈட்டிய மொத்த உள்நாட்டு உற்பத்தி 100 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. தேயிலை, ஆடை, சுற்றுலா எல்லாம் சேர்ந்த நம் இரண்டு ஆண்டு உழைப்புக்கு மேலான தொகை, ஒரு நீதிபதியின் எழுத்தால் ஒரு பகலில் கூடியிருக்கிறது. அந்த எழுத்தில் என்ன இருந்தது என்று பார்ப்பது நமக்கும் வேண்டிய வேலைதான்.

ஐந்து வருட வழக்கு

அமெரிக்க நீதித் திணைக்களம் கூகுள் மீது வழக்குத் தாக்கல் செய்தது 2020 ஒக்டோபர் 20இல். பதினொரு மாநிலங்களும் கூடச் சேர்ந்தன. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம்தான் ஆயுதம். ஒரு நிறுவனம் பெரிதாக இருப்பதை அந்தச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. பெரிதான பிறகு, மற்றவர் உள்ளே வர முடியாதபடி கதவை அடைப்பதுதான் குற்றம்.

கூகுள் கதவை அடைத்தது பூட்டுப் போட்டு அல்ல, பணம் கொடுத்து. ஐபோனில் சஃபாரி உலாவியைத் திறந்து எதையாவது தேடினால் கூகுள் வருவதற்காக 2022இல் மட்டும் அப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 20 பில்லியன் டொலர். அப்பிள், தொலைபேசித் தயாரிப்பாளர்கள், வலையமைப்பு நிறுவனங்கள், சிறிய உலாவிகள் எல்லாவற்றுக்கும் 2021இல் கொடுத்த மொத்தம் 26.3 பில்லியன். பிடிக்காதவர் மாற்றிக்கொள்ளலாமே என்றது கூகுள். மாற்றிக்கொள்வார்கள் என்று உண்மையிலேயே நம்பினால் இவ்வளவு பணத்தை யாராவது கொட்டுவார்களா என்பதுதான் அரசின் வாதம். என் கணிப்பில் இந்த வழக்கின் உயிர் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

2023 செப்டெம்பர் 12இல் விசாரணை தொடங்கியது. நீதிபதி அமித் மேத்தா, குஜராத்தின் பாட்டனில் பிறந்தவர். வழக்கின் மறுபக்கத்தில் நிறுவனத்தை நடத்துபவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2024 ஓகஸ்ட் 5இல் மேத்தா, 270 பக்கங்களுக்கு மேல் நீண்ட தீர்ப்பில், கூகுள் ஒரு ஏகபோக நிறுவனம், அந்த ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது என்று எழுதினார்.

முதலீட்டாளர் இதை எப்படிப் பார்த்தார்கள்? நாட்களையும் விலைகளையும் அருகருகே வைத்தால் கதை தெளிவாகும். 2020இல் வழக்குப் போட்ட அன்று பங்கு விழவில்லை, ஒரு வீதத்துக்கு மேல் ஏறியது. பல மாதங்களாக எதிர்பார்த்த செய்தி, அதன் பயம் ஏற்கெனவே விலைக்குள் இருந்தது. 2024 ஓகஸ்ட் 5இல், குற்றம் நிரூபணமான நாளில், நாலரை வீதம் இறங்கியது. அன்று ஜப்பானில் தொடங்கிய சரிவு உலகச் சந்தைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. அதைக் கழித்துப் பார்த்தால் தீர்ப்பு கொடுத்த அடி சிறிது. நவம்பரில் குரோம் உலாவியை விற்கச் சொல்ல வேண்டும் என்று அரசு நீதிமன்றத்தைக் கேட்டதற்கு மறுநாள் கிட்டத்தட்ட ஐந்து வீதம் இறங்கியது.

பெரிய அடி விழுந்தது 2025 மே 7இல். அன்று நீதிபதி எதுவும் சொல்லவில்லை. அப்பிளின் மூத்த அதிகாரி எடி கியூ சாட்சிக் கூண்டில், சஃபாரியில் நடக்கும் தேடல்கள் முதன்முறையாகக் குறைந்திருக்கின்றன, மக்கள் செயற்கை நுண்ணறிவிடம் போய்க் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார். ஒரே நாளில் ஏழு வீதத்துக்கு மேல் போனது. ஏகபோகம் என்ற தீர்ப்பை விட, பழக்கம் மாறுகிறது என்ற சாட்சியம்தான் முதலீட்டாளரை அதிகம் நடுங்க வைத்தது.

பிறகு வந்தது செப்டெம்பர் 2. குரோமை விற்க வேண்டாம். அண்ட்ரொய்டைப் பிரிக்க வேண்டாம். போட்டியாளரை ஒதுக்கிவைக்கும் தனியுரிமை ஒப்பந்தங்கள் கூடாது. ஆனால் முதலிடத்துக்காகப் பணம் கொடுப்பது தொடரலாம். தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர வேண்டும். ஒரு தொழில்நுட்பக் குழு கண்காணிக்கும். காலம் ஆறு ஆண்டு. பணம் கொடுப்பதை அடியோடு நிறுத்தினால் அதை வாங்கி வாழும் உலாவி நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் பாதிக்கப்படும் என்பது நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. மறுநாள் அல்பாபெட் ஒன்பது வீதம் ஏறியது. வழக்கில் கட்சியே இல்லாத அப்பிளும் ஏறத்தாழ நான்கு வீதம் ஏறியது.

நண்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். குற்றவாளியா இல்லையா என்பதற்குச் சந்தை விலை போடவில்லை. வரும் ஆண்டுகளில் பெட்டியில் விழப்போகும் பணம் குறையுமா என்பதற்கு விலை போட்டது. குறையாது என்று தெரிந்த கணத்தில் பயத்துக்காகக் கழித்து வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்தது. நான் இன்னும் ஒரு படி போவேன். அந்த ஒன்பது வீதம் ஒரு சாட்சியம். ஏகபோகத்தின் வருமானம் எங்கே இருக்கிறது என்று மிக நன்றாக அறிந்தவர்கள், தங்கள் சொந்தப் பணத்தை வைத்து, அது அசையவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கூகுள் வழக்கறிஞர்கள் சொன்னதையும் அரச வழக்கறிஞர்கள் சொன்னதையும் விட நான் இந்தச் சாட்சியத்தையே அதிகம் நம்புகிறேன்.

பிரித்தால் முதலாளிக்கு நட்டமா?

உடைத்தால் பங்குதாரர் அழிவார் என்று ஒரு பயம் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1911இல் ரொக்ஃபெல்லரின் ஸ்டான்டர்ட் ஒயில் 34 நிறுவனங்களாக உடைக்கப்பட்டபின் அவர் முன்னைவிடப் பணக்காரர் ஆனார். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அன்ட் டி 1984இல் பிரிந்தபோது, பத்துப் பங்கு வைத்திருந்தவருக்கு ஏழு பிராந்திய நிறுவனங்களிலும் ஒவ்வொரு பங்கு கிடைத்தது. அவற்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டி மறந்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். கூகுளுக்குள் யூடியூப், கிளவுட், குரோம் எல்லாம் தனித்தனியே நின்றால் கூட்டுத்தொகை இன்னும் அதிகம் என்று வாதிடும் முதலீட்டாளர்கள் இன்றும் உண்டு.

மைக்ரோசொஃப்ட் கதை இதற்கு மறுபக்கம். 1998 மேயில் வழக்கு. 2000 ஏப்ரல் 3இல் நீதிபதி தோமஸ் பென்ஃபீல்ட் ஜக்சன் சட்ட மீறல் என்றார். அன்று பங்கு 14 வீதத்துக்கு மேல் சரிந்தது. யூனில் நிறுவனத்தை இரண்டாக உடைக்க உத்தரவு, அடுத்த ஆண்டு மேல்நீதிமன்றம் அதை நீக்கியது. நிறுவனம் உடையவில்லை. ஆனாலும் 1999 டிசம்பரில் தொட்ட உச்ச விலையை மீண்டும் தாண்ட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இணையக் குமிழி உடைந்தது ஒரு காரணம், கைத்தொலைபேசிச் சந்தையைத் தவறவிட்டது இன்னொன்று. வழக்கைப் பார்த்துப் பயந்து, வழக்கறிஞரைக் கேட்டு அடி எடுத்து வைக்கப் பழகிய நிறுவனம் புதியவர்களை நசுக்கத் தயங்கியதும் ஒன்று. அந்த இடைவெளியில்தான் கூகுள் வளர்ந்தது. உடைக்காத வழக்கும் வேலை செய்யும் என்பதற்கு கூகுளே சாட்சி.

வாவிக்கரையில் ஒரு விடுதி

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் ஆறு அறைகள் வைத்து ஒரு தங்குமிடம் நடத்தும் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். பெரஹரா காலத்தில் அறைகள் நிறையும். மற்ற மாதங்களில் ஒவ்வொரு விருந்தாளியும் இணையத்தின் வழியாகத்தான் வருகிறார். அவர் ஒருநாள் என்னிடம் காட்டினார். தன் விடுதியின் பெயரை எழுத்துப் பிசகாமல் தேடினால் முதலில் வருவது ஒரு முன்பதிவுத் தளத்தின் விளம்பரம். அதற்குக் கீழேதான் அவருடைய சொந்தப் பக்கம். மேலே வர வேண்டுமானால் தன் பெயருக்குத் தானே விளம்பரக் காசு கட்ட வேண்டும்.

"என் பேருக்கு நானே வாடகை கட்டணுமா தம்பி?" என்று கேட்டார்.

மேத்தாவின் தீர்ப்பில் பொதுமக்கள் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி இதைத் தொடுகிறது. தேடலோடு வரும் எழுத்து விளம்பரங்களுக்குப் போட்டி இருந்திருந்தால் வாங்க முடியாத விலையை கூகுள் வாங்கியது என்று அவர் கண்டார். விளம்பர ஏலத்தில் சில திருகுகளைத் திருகி விலையைப் பொதுவாக ஐந்து வீதம், சில தேடல்களுக்குப் பத்து வீதம் வரை உயர்த்தியிருக்கலாம் என்று கூகுளின் விளம்பரப் பிரிவை நடத்திய ஜெரி டிஷ்லரே விசாரணையில் ஒப்புக்கொண்டார். டொரொன்டோ நண்பனின் ஓய்வூதியத்தில் ஏறிய ஒன்பது வீதத்துக்குள் கண்டி விடுதிக்காரம்மா கட்டும் வாடகை போன்ற காசுகளும் இருக்கின்றன. இருவருக்கும் இது தெரியாது. இருவரும் என் நண்பர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பெயர் வாடகைச் சண்டை தமிழ்நாட்டில் எப்போதோ நடந்துவிட்டது. நம் கல்யாணப் பேச்சுகளில் அடிபடும் பாரத் மேட்ரிமோனி, முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய சென்னை நிறுவனம். தன் வணிகப் பெயரை கூகுள் விளம்பரச் சொல்லாகப் போட்டியாளருக்கு விற்கிறது என்று அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டது. 2018 பெப்ரவரி 8இல் ஆணையம், தேடல் முடிவுகளில் பக்கச்சார்பு காட்டியதற்காக கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஒக்டோபரில் அண்ட்ரொய்ட் விவகாரத்தில் 1,337.76 கோடி, அதே மாதம் பிளே ஸ்டோர் கட்டணமுறை விவகாரத்தில் 936.44 கோடி. பின்னது 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் 216.69 கோடியாகக் குறைந்தது.

அபராதங்கள் வந்த நாட்களில் அல்பாபெட் முதலீட்டாளர் தூக்கம் கெடவில்லை. அவர்களுக்கு இது கடைவாடகை போன்ற செலவு. ஆனால் 2024 மார்ச் 1இல், கட்டணத் தகராறு முற்றி, கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் செயலிகளை நீக்கியது. அன்று மும்பைச் சந்தையில் மேட்ரிமோனி பங்கு 2.7 வீதம் வரை இறங்கியது. இந்திய அரசு தலையிட்டபின் செயலிகள் திரும்பின. முதலீட்டாளர் பார்வை என்று சொல்லும்போது அமெரிக்க முதலீட்டாளரை மட்டும் நினைப்பது தவறு. மேட்ரிமோனியில் பணம் போட்ட சென்னைக்காரரும் முதலீட்டாளர்தான். அவருடைய சொத்தின் கதவுச் சாவி அன்று இன்னொரு நிறுவனத்தின் கையில் இருந்தது.

கறுவாவும் பங்குப் பத்திரமும்

இந்த ஊருக்கு ஏகபோகமும் பங்குதாரரும் புதிதல்ல. உலகின் முதல் பெரிய பங்கு நிறுவனமான ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் தொடங்கியது. ஆசிய வணிகத்தின் தனியுரிமையை அரசே எழுதிக் கொடுத்தது. அதன் பங்குகள் அம்ஸ்டர்டாமில் கைமாறின. போர்த்துக்கீசரைத் துரத்த 1638இல் அந்தக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தவர் கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கன். போர்த்துக்கீசர் போனார்கள், கறுவா கம்பனியின் கைக்குப் போனது. அனுமதியின்றிக் கறுவா உரித்தால், விற்றால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. விலை இறங்காமலிருக்க அம்ஸ்டர்டாமில் கறுவாவை எரித்ததும் உண்டு.

கண்டி மன்னர்களிடம் ஒரு பிடி இருந்தது. நல்ல கறுவாவின் ஒரு பங்கு உள்நாட்டுக் காடுகளில் விளைந்தது. உரிப்பவர்கள் உள்ளே வர மன்னரின் அனுமதி வேண்டும். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் அந்தப் பிணக்கு போராகி, 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகரைச் சூறையாடினர். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் கடற்கரை முழுவதும் கம்பனிக்குப் போனது. தீவின் கறுவா ஏகபோகம் பின்னர் வந்த ஆங்கிலேயர் ஆட்சியில் 1833இல்தான் ஒழிந்தது.

எனக்குப் பிடித்த மனிதர் இந்தக் கதையில் ஐசக் லெ மேர். கம்பனியின் பெரிய பங்குதாரர்களில் ஒருவர், நிர்வாகத்தோடு மோதி 1605இல் வெளியேறியவர். 1609இல் நாட்டின் முன்னணி அரசியல் தலைவருக்கு ஒரு முறைப்பாடு எழுதினார்: கம்பனி தனக்குக் கிடைத்த தனியுரிமையைத் தானும் சரியாகப் பயன்படுத்தவில்லை, பிறரையும் விடவில்லை. அதே ஆண்டு, கையில் இல்லாத பங்கை விற்று, விலை இறங்கும் என்று பந்தயமும் கட்டினார். அரசு அந்த வகை விற்பனையை 1610இல் தடை செய்தது. அந்தக் கம்பனியின் ஏகபோகத்தைப் பற்றிய ஆரம்பகால முறைப்பாடுகளில் ஒன்று முதலீட்டாளர் ஒருவரிடமிருந்தே வந்தது என்பதை, இலாபம் வரும்வரை எதுவும் சரி என்று நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்து நிறுவனங்கள் மூன்றாயின

இனி நம் வீட்டுக்கு வருவோம். பத்து வருடத்துக்கு முன்பு ஒரு தொலைபேசி எண்ணின் தலையைப் பார்த்தே நிறுவனத்தைச் சொல்லிவிடலாம். 071 மொபிடெல், 072 எடிசலாட், 075 எயார்டெல், 077 டயலொக், 078 ஹட்ச். எடிசலாட்டை ஹட்ச் 2018இல் எடுத்தது. 2024 யூன் 26இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. பதிலுக்குப் பாரதி எயார்டெல்லுக்கு டயலொக்கின் 10.355 வீதப் பங்குகள் கிடைத்தன. ஐந்து மூன்றானது.

இணைப்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு கோடி சொச்சம் பேருக்கு ஐந்து வலையமைப்பு அதிகம். 2009இல் விலைப்போர் முற்றி டயலொக் பெரும் நட்டம் கண்டது, அடுத்த ஆண்டு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு குறைந்தபட்சக் கட்டணம் வைக்க வேண்டியதாயிற்று. 2022இன் டொலர் நெருக்கடிக்குப் பிறகு கோபுரமும் கருவியும் இறக்குவது எவ்வளவு கடினம் என்பதையும் அறிவோம். டெல்தோட்டை, கலஹா பக்கத் தோட்டங்களில் சமிக்ஞை தேடி மேட்டில் ஏறி நிற்கும் பிள்ளைகளுக்கு, பலமான ஒரு வலையமைப்பு பலவீனமான இரண்டை விட நல்லதாகவும் இருக்கலாம். டயலொக் பங்கு வைத்திருக்கும் கண்டிக்காரருக்கும் இது கசப்பான செய்தி அல்ல.

என் மனக்குறை வேறு. இலாபத்தையும் பாதிப்பையும் எடைபோட்டுப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கும் இடம் எது? 1987இல் நம்மிடம் நியாய வணிக ஆணைக்குழுச் சட்டம் ஒன்று இருந்தது. ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் விசாரிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கியபோது, இணைப்புகளைப் பொதுவாகப் பரிசீலிக்கும் அதிகாரமும் போய்விட்டது. அரிசி விலையையும் காலாவதியான பால்மாவையும் சோதிக்கும் அதே அதிகாரசபைதான் போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளையும் விசாரிக்க வேண்டும். தொலைத்தொடர்புக்காவது தனி ஆணைக்குழு இருக்கிறது. வாடகை வண்டிச் செயலிகளுக்கு, உணவு கொண்டுவரும் செயலிகளுக்கு, அறை முன்பதிவுக்கு அப்படி எதுவும் இல்லை. கண்டிப் புகையிரத நிலையத்து முச்சக்கர வண்டிக்காரருக்கும் செயலியில் ஓடும் வண்டிக்காரருக்கும் வரும் தகராறு பொலிஸ் நிலையத்தில் போய் நிற்கிறது. அது போட்டிச் சட்டத்தின் கேள்வி என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

விடுதிக்காரம்மாவிடம் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கூகுளின் தரவைப் பெற்றுப் புதிய தேடுபொறிகள் எழுந்தால், விளம்பர விலையில் போட்டி வரலாம் என்றேன். ஆறு வருடம் என்றதும் விரலில் எண்ணினார். அதற்குள் மூத்த மகள் பேராதனைப் பல்கலைக்கழகம் முடித்துவிடுவாள் என்றார். பிறகு, இந்த மாதத்துக்கான விளம்பரக் காசை இன்றே கட்ட வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தார்.

நண்பனுக்கு மறுநாள் பதில் அனுப்பினேன், நீளமாக. அவன் ஒரே வரியில் திரும்பக் கேட்டான்: "அப்ப நான் வாங்கினது யாருடைய காசு மச்சான்?"